காவிரி நம் வீட்டைத் தாண்டி எங்கே போகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி தண்ணீரைப் பற்றியவை. கோடை வந்தால் பெங்களூரில் இருக்கிற நம் ஆட்களுக்கு வேறு பேச்சு ஏது? ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஏரியா பெயர் மட்டும்.

காவிரி ஐந்தாம் கட்டம் வந்துவிட்டது, இனி டேங்கர் தேவைப்படாது என்றார்கள். எங்கள் தெருவில் இன்னும் காலை ஆறு மணிக்கு டேங்கர் லாரி சத்தம்தான் எழுப்பிவிடுகிறது. ஏன் சார்?
— வாசகி, ஹொரமாவு

காவிரித் தண்ணீரை பெங்களூருக்குக் கொண்டுவருகிற திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது உண்மைதான். 2024 அக்டோபரில் திறந்தார்கள், ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதல், மாநகராட்சியோடு பின்னால் சேர்த்த 110 கிராமங்களுக்கு என்று திட்டம். அதற்கு முன்னால் வந்துகொண்டிருந்தது 145 கோடி லிட்டர். ஆனால் தண்ணீர் ஊர் எல்லைக்கு வருவது வேறு, உங்கள் சம்ப்புக்கு, அதாவது தரையடித் தொட்டிக்கு, வந்து சேர்வது வேறு. நடுவில் தெருக்குழாய் போடவேண்டும், பிறகு நீங்கள் இணைப்பு வாங்கவேண்டும். தெருவில் குழாய் வந்தும், இணைப்புக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ‘டேங்கரே போதும்’ என்று உட்கார்ந்திருக்கிற அபார்ட்மென்ட்கள் உண்டு. எங்கள் கட்டடமும் இரண்டு கூட்டம் போட்டு டீ, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுத் தள்ளிப்போட்ட கட்டடம்தான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 2024இல், அந்தப் பெரிய தட்டுப்பாட்டின்போது, குழாயில் வருகிற காவிரித் தண்ணீருக்கு முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். அதே நேரம் அரசாங்கம் டேங்கருக்கு உச்சவரம்பு வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் 1,000 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டர் 83 ரூபாய் சொச்சம். அந்த விலைக்கு எங்கள் டேங்கர்காரர் வந்தாரா என்று கேட்காதீர்கள், போனையே எடுக்கவில்லை. குழாயும் இல்லாமல் டேங்கருக்கும் வழியில்லாமல் தெருமுனைக் குடிநீர் மெஷினில் ஐந்து ரூபாய் நாணயம் போட்டு 20 லிட்டர் கேனில் பிடித்தவர் அப்போது கொடுத்த விலை ஆயிரம் லிட்டருக்கு 250 ரூபாய். குடிக்க மட்டும்தான் பிடித்தார், சரி. ஆனாலும் ஊரிலேயே விலை குறைந்த தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது, விலை கூடியது யார் குடத்துக்குப் போகிறது என்று பாருங்கள். இது பெங்களூருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. குழாய் எட்டாத குடிசைப் பகுதியில் இருக்கிறவர் குழாய் வீட்டுக்காரரைவிடப் பல மடங்கு கொடுப்பது மும்பையிலும் நைரோபியிலும்கூட வழக்கம்தான்.

2024இல் ஏன் அந்தத் தட்டுப்பாடு வந்தது என்றால், ஊரின் கிழக்குப் பக்கமும் வெளிவட்டமும் முழுக்க முழுக்கப் போர்வெல்லை நம்பி வளர்ந்தவை. நம் காலடியில் இருப்பது கருங்கல். அதில் இருக்கிற வெடிப்புகளில் நிற்பதுதான் தண்ணீர், மணல் பூமி மாதிரி ஊறி நிரம்பிக் கிடப்பதில்லை. ஆயிரம் அடி, ஆயிரத்தைந்நூறு அடி என்று இறங்கினார்கள். 2023 பருவமழை பொய்த்தது. அரசாங்கத்தின் போர்வெல் சுமார் 14,000இல் ஏறக்குறைய பாதி வறண்டுவிட்டது.

பூமியில் முக்கால் பங்கு தண்ணீர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கடல் தண்ணீரைக் குடிநீராக்கினால் உலகத்துக்கே பிரச்சினை தீர்ந்ததே?
— வாசகர், காக்ஸ் டவுன்

அந்த முக்கால் பங்கில் 97 சதவீதத்துக்கு மேல் உப்பு. மீதி இருக்கிற நல்ல தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாக உறைந்திருக்கிறது, மிச்சத்தில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில். ஆறு, ஏரி என்று கண்ணுக்குத் தெரிவது சொட்டுதான். இருந்தாலும் அந்தச் சொட்டே எல்லோருக்கும் குடிக்கப் போதும். 2022 நிலவரப்படி பாதுகாப்பான குடிநீர் வீட்டுக்கு வராத மக்கள் உலகத்தில் சுமார் 220 கோடி. அவர்கள் எல்லோரும் பாலைவனத்தில் இல்லை. காங்கோ ஆறு ஓட்டத்தில் அமேசானுக்கு அடுத்தது, அது ஓடுகிற காங்கோ நாட்டிலேயே கோடிக்கணக்கானவர்களுக்கு நல்ல குடிநீர் கிடையாது. அங்கே இல்லாதது குழாயும் சுத்திகரிப்பும் அதை நடத்துகிற நிர்வாகமும்.

கடல் நீருக்கு வருவோம். சென்னைக்கு அது சரி. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்களே, அந்த நிலைமையில் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லாதிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் ஆயிரம் லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும், அதோடு கடலுக்குள் திரும்பக் கொட்டுகிற அடர்த்தியான உப்பு நீர் வேறு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் லிட்டரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும், பம்ப்பில் ஒரு சொட்டு நஷ்டம்கூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இரண்டரை யூனிட் ஆகும். ஏற்கெனவே காவிரியையே தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடத்தில் பம்ப் வைத்துச் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி மேலே ஏற்றுகிறார்கள். தண்ணீர் வாரியத்தின் மின்சார பில்லை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

காவிரி கர்நாடகாவுக்கா, தமிழ்நாட்டுக்கா? இங்கே பிறந்து வளர்ந்த தமிழன் எந்தப் பக்கம் நிற்பது?
— வாசகர், ஸ்ரீராமபுரம்

சம்ப் பக்கம் நில்லுங்கள், வால்வ்மேன் தண்ணீர் திறந்துவிட வருகிற நேரம்.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபம் வேண்டாம். 1991 டிசம்பரின் காவிரிக் கலவரத்தை இந்த ஊரில் பார்த்தவன் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று குறைத்தது, கர்நாடகாவுக்கு 14.75 டி.எம்.சி. கூட்டிக் கொடுத்தது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்காக. அல்சூர்த் தமிழரும் குடிக்கிறார், மல்லேஸ்வரக் கன்னடரும் குடிக்கிறார்.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 2007இல் காவிரி நடுவர் மன்றம் பெங்களூருக்குக் குறைவாகக் கொடுத்ததற்கு ஒரு காரணம், ஊரின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரி வடிநிலத்தில் இருக்கிறது என்பது. உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை, குடிநீர் என்று வந்தால் ஊரைப் பிரித்துப் பார்க்க முடியாது என்று விட்டுவிட்டது. ஆனால் மண்ணின் சரிவு தீர்ப்பைக் கேட்பதில்லை. பெங்களூர் ஒரு மேட்டு முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர். மேற்குப் பக்கம் விழுகிற தண்ணீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது. கிழக்குப் பக்கம் விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தட்சிண பினாகினியில் சேர்கிறது. அதுதான் ஓசூரைத் தாண்டினால் நம் தென்பெண்ணை. ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மலை மாதிரி வெள்ளை நுரை எழுவதைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அதற்குப் பெரும் காரணம் நாம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி அனுப்பிய தண்ணீர்தான். ஆக, காவிரியிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கைத் தென்பெண்ணை வழியாகக் கிருஷ்ணகிரிக்கும் கடலூருக்கும் நாமே அனுப்பிவைக்கிறோம், நுரையோடு. இதைப் பற்றி இரண்டு மாநிலத்திலும் யாரும் பந்த் நடத்தி நான் பார்த்ததில்லை.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து நம்மையே குடிக்க வைக்கப் போகிறார்களாமே? நினைத்தாலே குமட்டுகிறது.
— வாசகி, எஜிபுரா

அம்மா, உங்கள் குமட்டலை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று சொல்லுங்கள், காவிரியில் மேலே இருக்கிற ஊர்கள் எல்லாம் குளித்துவிட்டு எங்கே விடுகின்றன என்று நினைக்கிறீர்கள்? ஆற்றோரம் கீழே இருக்கிற ஒவ்வொரு ஊரும் மேலே இருக்கிற ஊரின் மிச்சத்தைத்தான் சுத்தம் செய்து குடிக்கிறது. நடுவில் கொஞ்ச தூரம் ஆறு ஓடுவதால் நமக்கு மனசு ஒப்புகிறது.

நமீபியாவின் தலைநகர் விந்தூக் 1968லிருந்து கழிவு நீரைச் சுத்திகரித்து நேராகக் குடிநீர்க் குழாயில் கலந்து வருகிறது. அப்படிச் செய்த முதல் ஊர் உலகத்தில் அதுதான். பணக்கார ஊர் என்பதால் இல்லை, ஆறே ஓடாத ஊர், வேறு வழியில்லை. சிங்கப்பூருக்கு மலேசியாவிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது, அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அதனால் அவர்கள் முன்கூட்டியே யோசித்தார்கள். 2002 தேசிய தின விழாவில் பிரதமர் கோ சோக் டோங்கும் மைதானத்தில் கூடியிருந்த மக்களும் சுத்திகரித்த தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் குடித்தார்கள். 2003இல் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் முறையாக ஆரம்பித்தது. அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது, மிச்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி சுத்திகரிப்புக்கு வருகிறது. அங்கே இருக்கிற நம் சொந்தக்காரர்கள் எல்லாம் அதைத்தான் குடிக்கிறார்கள், பொங்கலுக்கு வரும்போது நன்றாகத்தானே இருக்கிறார்கள்.

இஸ்ரேல் கழிவு நீரில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சுத்தம் செய்து விவசாயத்துக்குக் கொடுக்கிறது. நாமும் அந்தப் பாதையில் கால் வைத்திருக்கிறோம். கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவு நீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்புகிற திட்டம் 2018இல் ஆரம்பித்தது, நாளைக்கு 44 கோடி லிட்டர் அனுப்புவதாகத் திட்டம். ஆரம்பித்த சில வாரத்திலேயே ஏரியில் நுரை பொங்கி, உயர் நீதிமன்றம் தடை போட்டு, பிறகு தடை நீங்கியது. ஏரிகள் நிறைந்தன, வற்றிய கிணறுகளில் தண்ணீர் ஏறியது, இது நல்ல செய்தி. ஆனால் செய்வது இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு மட்டும்தான், மூன்றாம் கட்டமும், அதாவது மிச்சமிருக்கிற அழுக்கையும் கிருமியையும் நீக்குகிற வேலையும், வேண்டும் என்று கோலார்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பது நியாயம். ஏரியில் விட்டது நிலத்துக்குள் இறங்கும், நிலத்துக்குள் இறங்கியது போர்வெல்லில் வரும், அதைக் குடிக்கிறவர் அவர்தானே. சிங்கப்பூர் மாதிரி செய்வோம் என்கிறவர்கள் சிங்கப்பூர் மாதிரி பரிசோதனை செய்து முடிவை வெளியே சொல்லவும் வேண்டும். எனக்குக் குமட்டுவது அந்த இடத்தில்தான், தண்ணீரில் இல்லை.

உங்கள் வீட்டில் இப்போதைக்கு யாரும் குடிக்கச் சொல்லப் போவதில்லை. டாய்லெட் ஃப்ளஷ், செடி, கட்டட வேலை, கார் கழுவுவது, இவற்றுக்குப் பயன்படுத்தினாலே எவ்வளவு காவிரி மிச்சமாகும். 2024 மார்ச்சில் காருக்கும் தோட்டத்துக்கும் குடிநீர் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த வாரம் எங்கள் கட்டடத்துச் சுத்திகரிப்புத் தண்ணீரைக் கேட்டு ஆள் வந்தார்கள், அதுவரை அதை மழைநீர்க் கால்வாயில்தான் விட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

முப்பதுக்கு நாற்பது சைட். மழைநீர் சேமிப்பு வைத்தால் நிஜமாகவே பிரயோஜனம் உண்டா, இல்லை அபராதத்துக்குப் பயந்து ஒரு பைப் போதுமா?
— வாசகர், மர்ஃபி டவுன்

பிரயோஜனம் உண்டு, கணக்குப் போடுவோம். பெங்களூரில் வருஷத்துக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர அடி மாடியில் விழுவது சுமார் 90 லிட்டர். உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி என்றால் 90,000 லிட்டர், முதல் மழையை வெளியே விட்டது, ஆவியானது என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 72,000. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர் வைத்தால் நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். 12,000 லிட்டர் டேங்கரில் ஆறு லோடு.

ஆனால் மழை தவணை முறையில் வராது. மே மாதம் ஒரு கொட்டு, செப்டம்பர், அக்டோபரில் ஒரு கொட்டு. சம்ப் நிறைந்ததும் மிச்சத்தை ரோட்டில் விடாமல் நிலத்துக்குள் இறக்கவேண்டும். மூன்றடி அகலம், இருபதடி ஆழத்தில் சிமென்ட் உறை இறக்கிய கிணறு ஒன்று போதும். இந்த ஊரில் தலைமுறையாகக் கிணறு வெட்டுகிற மண்ணு வட்டர் சமூகத்தினர் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் எத்தனை அடியில் ஈரமண் வரும் என்பதை மேலே நின்றே சொல்வார்கள். 2009லிருந்து உங்கள் அளவு சைட்டில் புதிதாகக் கட்டினால் சட்டப்படி கட்டாயம். ஜெயநகரில் மழைநீர் சேமிப்புக்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மாதிரிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு பைப்பை மட்டும் வைத்து போட்டோ எடுத்து அனுப்புகிற வேலை வேண்டாம், அடுத்த மழையில் அது உங்கள் கார் மேலேயே ஊற்றும்.

ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா? சேல்ஸ்மேன் வந்து தண்ணீரில் கம்பியை விட்டுக் கறுப்பாக்கிக் காட்டினான், பயமாக இருக்கிறது.
— வாசகி, விவேக் நகர்

அந்தக் கம்பி வித்தை மின்சாரத்தால் கம்பியே கரைவது. நல்ல தண்ணீரிலும் அப்படித்தான் நடக்கும். முதலில் உங்கள் வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர் என்று பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் இந்தியத் தரப்படி குடிக்கலாம், காவிரித் தண்ணீர் அதற்குக் கீழேதான். அதற்கு ஆர்.ஓ. போட்டால் ஒரு லிட்டர் குடிக்க மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளும். காய்ச்சிக் குடியுங்கள், போதும்.

போர்வெல் தண்ணீர் என்றால் கதை வேறு. கோலார், கோலார் தங்கவயல் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அங்கே ஃப்ளோரைடு பிரச்சினை உண்டு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை, இன்னும் கூடினால் எலும்பு வரை போகும். காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். அதற்கு ஆர்.ஓ. வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை நம்பக்கூடாது. வங்கதேசத்தில் 1970களில் குளத்துத் தண்ணீரால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகிறார்கள் என்று ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள், நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. அதில் ஆர்சனிக் இருந்தது தெரியவர இருபது வருஷம் ஆயிற்று, அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் குடித்துவிட்டார்கள். 500 ரூபாயோ ஆயிரமோ ஆகட்டும், ஒரு லேபில் கொடுத்துப் பரிசோதித்துவிட்டு மெஷினைப் பற்றி யோசியுங்கள்.

பல் தேய்க்கும்போது குழாயை மூடச் சொல்லி மகள் தினமும் பாடம் எடுக்கிறாள். அதனால் உலகத்தின் தண்ணீர்ப் பஞ்சம் தீருமா?
— வாசகர், பாணஸ்வாடி

மகள் சொல்வதைக் கேளுங்கள், வீட்டில் சமாதானம் தங்கும். ஆனால் உலகம் எடுக்கிற நல்ல தண்ணீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 2,500 லிட்டர். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டாலே கணிசமாக மிச்சமாகும், அதுவும் விளைச்சல் பெரிதாகக் குறையாமல். பம்ப்செட் மின்சாரம் கர்நாடகாவிலும் தமிழ்நாட்டிலும் இலவசம் என்பதால் யாருக்கும் மோட்டாரை நிறுத்தத் தோன்றுவதில்லை. விவசாயியைக் குற்றம் சொல்லவில்லை, நெல்லும் கரும்பும் கொடுக்கிற வருமானத்தை ராகியும் கொடுத்தால் அவர் ஏன் ராகி போடமாட்டார்?

ஊருக்குள் பார்த்தால் குழாய்க் கசிவு. பெங்களூரில் பம்ப் பண்ணி மேலே ஏற்றியதில் கால் பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது, கசிவும் திருட்டும் ஓடாத மீட்டருமாக. கம்போடியாவின் தலைநகர் நோம்பென் 1993இல் 70 சதவீதத்துக்கு மேல் இப்படி இழந்துகொண்டிருந்தது. ஏக் சொன் சான் என்று ஒரு பொறியாளர் பொறுப்புக்கு வந்தார். மீட்டர் மாட்டினார், லஞ்சம் வாங்கிய ஊழியர்களை வெளியேற்றினார், பெரிய மனிதர்கள் வீட்டிலும் பில் வசூலித்தார். ஒரு ராணுவத் தளபதி வீட்டில் மீட்டர் மாட்டப் போனபோது தலையில் துப்பாக்கியை வைத்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். திரும்ப ஆட்களோடு போய் இணைப்பைத் துண்டித்தார். பதினைந்து வருஷத்தில் இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தது, ஏழைக் குடும்பங்களுக்கும் குழாய் போனது. இழப்பைக் குறைத்தது புது அணை கட்டி இல்லை, ஓடிப்போகிற தண்ணீரைப் பிடித்து. நம் ஊருக்கு ஆறாம் கட்டம் பற்றி இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு அந்த மனிதர் ஞாபகம்தான் வருகிறது.

மூன்றாம் உலகப் போர் தண்ணீருக்காக வருமா?
— பத்தாம் வகுப்பு மாணவர், கம்மனஹள்ளி

தம்பி, இதைக் கட்டுரைப் போட்டிக்காகக் கேட்கிறாய் என்று தெரிகிறது. சிந்து நதி ஒப்பந்தம் 1960இல் கையெழுத்தானது. அதற்கப்புறம் இந்தியாவும் பாகிஸ்தானும் 1965, 1971, 1999 என்று சண்டை போட்டும் அது நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகுதான் இந்தியா அதை நிறுத்தி வைத்தது. நாடுகள் தண்ணீருக்காக மட்டும் போர் தொடுப்பது அபூர்வம், ஏற்கெனவே இருக்கிற பகையில் தண்ணீரை ஆயுதமாக எடுப்பதுதான் அதிகம். தெருக்குழாய்ச் சண்டையைப் பற்றி எழுதினால் உன் பாட்டியிடம் கேட்டு எழுது, இன்னும் நன்றாக வரும்.

சம்ப்பை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கழுவவேண்டும்?
— வாசகி, அல்சூர்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை. டேங்கர் தண்ணீர் அதிகம் வாங்கினால் அதற்கு முன்னாலேயே. கழுவியபின் குளோரின் மாத்திரை போடுவதானால் அட்டையில் எழுதியிருக்கிற அளவுக்குப் போடுங்கள், அதிகமாகப் போட்டால் அதிகச் சுத்தமாகிவிடாது. ரொம்ப நாள் மூடிக்கிடந்த சம்ப்பில் காற்று இருக்காது, மூடியைத் திறந்து வெகுநேரம் விடுங்கள், ஆளைத் தனியாக உள்ளே இறக்கவே இறக்காதீர்கள். வெளியே நின்றபடி பம்ப்பும் நீளக் குழாயும் வைத்துக் கழுவுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள், இருநூறு முந்நூறு கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.